வராத பல்லுக்கு வழிவிட்ட பல்

பல் ஆஸ்பத்திரியில் மாடிப்படிக்கு அடியில் ஜன்னல் இல்லாத ஓர் அறை. சுவருக்குள் ஈயத்தகடு, கதவில் மஞ்சள் எச்சரிக்கைப் பலகை, உள்ளே தலையைச் சுற்றி வந்து தாடை முழுவதையும் ஒரே படமாக எடுக்கிற மெஷின். அதை ஓட்டுகிறவளுக்கு நாற்பத்து நான்கு வயது. இருபத்திரண்டு வருடமாக அதே அறை. மெஷின் மட்டும் மூன்று முறை மாறிவிட்டது. ஆஸ்பத்திரியில் அவளைப் படக்காரம்மா என்பார்கள். யாரோ சினிமாவில் இருந்தவள் போல என்று கொஞ்சம் நிமிர்ந்து பார்க்கிற புது ஆட்களும் உண்டு. ஈயக் கோட்டைத் தூக்கித் தோளில் போட்டதும் அந்த நினைப்பு இறங்கிவிடும்.

"செயினு, தோடு எல்லாம் கழட்டிடுங்க. இந்தக் குச்சியை முன்பல்லால கடிங்க. மோவாயை இது மேல வைங்க. மூச்சு விடலாம், கண்ணை மூடிக்கலாம். அசைய மட்டும் கூடாது."

பதினாறு செகண்ட். படம் திரையில் வந்ததும் உட்கார்ந்திருந்தவர் எட்டிப் பார்ப்பார். தன் எலும்பைத் தானே பார்க்கிற எவருக்கும் முகம் கொஞ்சம் கறுக்கும். "நல்லா இருக்காம்மா?" என்று கேட்பார்கள். ஒரே பதில்தான்: "டாக்டர் சொல்லுவாங்க." படம் எடுப்பவள் பார்க்கலாம், சொல்லக் கூடாது, அது டாக்டரின் வேலை என்பது ஆஸ்பத்திரியின் சட்டம். ஆக, உண்மையை எல்லோருக்கும் முன்னால் பார்க்கிறவளும் அவள்தான், அதைச் சொல்லாமல் இருப்பதற்காக மாதாமாதம் சம்பளம் வாங்குகிறவளும் அவள்தான். இந்த வேலைக்கு அவளைவிடப் பொருத்தமான ஆள் கிடைத்திருக்க முடியாது என்பதை ஆஸ்பத்திரி அறியாது.

சின்னப் பிள்ளைகளின் படம்தான் பார்க்க விசித்திரமானது. மேலே பால் பல் வரிசை. அதற்கு அடியில், எலும்புக்குள், நிரந்தரப் பற்கள் முளைக்க நேரம் பார்த்துக்கொண்டு படுத்திருக்கும். அடியில் இருப்பது மெல்ல மேலே வந்து பால் பல்லின் வேரைக் கரைக்கும். பால் பல் ஆடி விழும். புதியது இடத்தைப் பிடிக்கும். ஆனால் நூறு பிள்ளைகளில் ஏழெட்டுப் பேருக்கு ஏதோ ஒரு பல்லுக்கு அடியில் ஒன்றுமே இருக்காது. பிறவியிலேயே விதை விழுந்திருக்காது. அந்தப் பால் பல் பாவம், தள்ளிவிட ஆளில்லாததால் நின்ற இடத்திலேயே நிற்கும். முன்பல்லுக்கு வேர் மெல்லியது, அது தானாகவே கரைந்து விழுந்தாலும் விழும்; கடைவாய்ப் பல்லோ தொந்தரவு செய்யாமல் விட்டால் முப்பது வயது, நாற்பது வயது வரைக்கும்கூட உழைக்கும். படத்தில் அப்படி ஒன்றைப் பார்த்தால் படக்காரம்மா மனதுக்குள் "அடியில ஆள் இல்ல" என்று சொல்லிக்கொள்வாள். வாயால் சொன்னதில்லை.

அவளுக்கே ஆறு இடத்தில் ஆள் இல்லை.

இது அவளுக்குத் தெரிய வந்தது இருபதாவது வயதில், படம் எடுக்கப் படித்தபோது. மாணவிகள் ஒருத்தியை ஒருத்தி உட்கார வைத்துப் பழகினார்கள். அவளுடைய பிலிமை வாத்தியார் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, "அடேயப்பா, கீழ் முன்பல் ரெண்டு, நாலு மூலையிலயும் கடைவாய்ல ஒண்ணொண்ணு. பாடம் நடத்த இதைவிட நல்ல வாய் கிடைக்காது" என்று சந்தோஷப்பட்டார். கீழ் முன்பற்கள் இரண்டும் அதற்கு முந்தைய வருடம்தான், ஒரே வாரத்தில், ஆடி விழுந்திருந்தன. பத்தொன்பது வயதில் விழுந்தவை பால் பற்கள் என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

விழுந்த வாரமே அம்மா அவளைப் பக்கத்து ஊருக்குக் கூட்டிப் போய்க் கம்பி வைத்த பல் போட்டுவிட்டிருந்தாள். வழியில் பஸ்ஸிலேயே கதையும் தயாராகிவிட்டது. "பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டேன்னு சொல்லு. விழுந்தா யாரும் ஒண்ணும் நினைக்க மாட்டாங்க. தானா கொட்டிச்சுன்னா, என்ன வியாதியோன்னு பேச ஆரம்பிச்சுடுவாங்க. கல்யாணம் ஆகற வரைக்கும்தான்." அப்போது அண்ணன் வேறு ஊரில் வேலையில் இருந்தான். லீவுக்கு வந்தவன் தங்கை விழுந்த கதையைக் கேட்டு, பாத்ரூம் தரையைச் சொரசொரப்பாகப் பூசிவிட்டுப் போனான்.

கல்யாணமும் ஆனது. அம்மா சொன்ன கெடு முடிந்துவிட்டது. ஆனால் கெடு முடிந்த பொய்யை எங்கே கொண்டு போய்த் திருப்பிக் கொடுப்பது? அவள் வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். மேலே போகிற எதுவும் கீழே விழும் என்பதில் உறுதியான நம்பிக்கை உள்ளவர். முதல் வாரமே பாத்ரூமுக்கு ரப்பர் மிதியடி வாங்கி வந்தார். இதுவரை மூன்று வீடு மாறியாயிற்று. சாமான் இறங்கும் முன்பே மிதியடி இறங்கிவிடும். அவள் குளிக்கப் போகும்போதெல்லாம் "பார்த்து" என்பார். ஒரு நாளும் நடக்காத விபத்திலிருந்து இருபது வருடமாக ஒரு மனிதர் அவளைக் காப்பாற்றிக்கொண்டிருந்தார். அதை எப்படிக் கெடுப்பது?

அம்மா போன பிறகு அந்தக் கதைக்கு அவள் ஒருத்திதான் சொந்தக்காரி. பிலிம் ஒரு பழுப்பு உறையில், பெட்டிக்கு அடியில் கிடந்தது.

அண்ணனுக்கு ஒரே பெண். வீட்டில் குட்டி என்று கூப்பிடுவார்கள். எட்டு வயதில் அவளுடைய கீழ் முன்பற்கள் இரண்டும் விழுந்தன. ஒன்பது வயதாகியும் இடம் காலியாகவே இருந்தது. அண்ணன் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவன். நாளெல்லாம் பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்து அடுத்தவர் தப்பைக் கத்திச் சொல்லிப் பழகியதால், வீட்டிலும் அவன் குரல் கொஞ்சம் தூக்கலாகத்தான் இருக்கும்.

"என்னடி, இன்னும் முளைக்கலையா? விதை போட மறந்துட்டாங்களா?" என்று மகளின் மோவாயைப் பிடித்து ஆட்டினான். "ரெண்டு வண்டி நிறுத்தலாம் போல இருக்கே. ஏய் பார்க்கிங், இங்க வா!"

எல்லோரும் சிரித்தார்கள். குட்டியும் சிரித்தாள். டிரைவிங் கற்றுக்கொள்ள வந்த பக்கத்து வீட்டுப் பையன் ஒருவன் மூலமாக அந்தப் பெயர் பள்ளிக்கூடத்துக்குப் போய்ச் சேர்ந்தது. ஆறு மாதத்தில் குட்டி உதட்டை மூடிக்கொண்டு சிரிக்கக் கற்றுக்கொண்டாள்.

சிரிக்கிற சத்தத்துக்கு நடுவில் தங்கை மட்டும் டீயைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அண்ணன் தமாஷுக்குச் சொன்னது அட்சரம் பிசகாத உண்மை என்று அந்த அறையில் அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். இன்னொன்றும் தெரியும். அண்ணன் சிரிக்கும்போது இடது மேல் ஓரத்தில் ஒரு குட்டிப் பல் எட்டிப் பார்க்கும். "என் லக்கிப் பல்" என்பான். அது பால் பல் என்று அவளுக்குப் படம் எடுக்காமலே தெரியும்.

அண்ணி அன்றைக்கே கேட்டாள். "உன் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டு வரட்டுமா? ஒரு படம் எடுத்துப் பார்த்துட்டா மனசு நிம்மதி."

"எதுக்கு அண்ணி இப்பவே? சின்ன உடம்பு, கதிர் படும். சில பிள்ளைங்களுக்கு லேட்டாத்தான் வரும்."

அன்று காலையில்தான் மூன்று பிள்ளைகளுக்குப் படம் எடுத்துவிட்டு வந்திருந்தாள். ஒருவனுக்கு ஆறு வயது. ஒரு படத்தில் படுகிற கதிர் எவ்வளவு சொற்பம் என்று தாய்மார்களுக்குத் தைரியம் சொல்வது அவள் தினசரி வேலைகளில் ஒன்று. ஆனால் குட்டியைப் படம் எடுத்தால் டாக்டர் முதலில் கேட்கப்போகிற கேள்வி, "வீட்டுல வேற யாருக்காவது இப்படி இருக்கா?" அதற்கு ஒரே ஒரு நேர்மையான பதில்தான் உண்டு, அது ஒரு ரப்பர் மிதியடிக்கு அடியில் இருந்தது.

"நீ சொன்னா சரி" என்றாள் அண்ணி. அவளுக்கு நாத்தனாரின் வெள்ளைக் கோட்டின் மேல் மரியாதை.

பல் வரவில்லை. வராத பல்லுக்கும் ஒரு காரணம் வேண்டுமே. அண்ணன் கண்டுபிடித்தான். அண்ணி மருந்துக் கடையில் வேலை பார்த்தாள். பிள்ளை வயிற்றில் மூன்று மாதமாக இருந்தபோது ஒரு காய்ச்சலுக்குக் கடையிலிருந்தே மாத்திரை எடுத்து விழுங்கியிருந்தாள். "ஊருக்கெல்லாம் மாத்திரை எடுத்துக் குடுக்கறவ. தனக்கு எது ஆகாதுன்னு மட்டும் தெரியாது." பெரிய சண்டையெல்லாம் இல்லை. கற்றுக்கொள்கிறவன் வண்டியை ஓட்டும்போது பக்கத்தில் இருக்கிறவன் தன் காலடியில் இருக்கிற இன்னொரு பிரேக்கைச் சும்மா தொடுவானே, அப்படி, வாரத்துக்கு ஒரு தடவை.

கடையில் ஆள் இல்லாத வேளையில் அண்ணி அந்த மாத்திரைப் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் பொடி எழுத்துக் காகிதத்தை எடுத்துப் படிப்பாள். அதில் பல்லைப் பற்றி ஒரு வரியும் இல்லை. வேண்டுமென்றே மறைத்திருக்கிறார்கள் என்று அவள் முடிவுக்கு வந்தாள். அதற்குப் பிறகு தலைவலித்தால்கூட அவள் ஒரு மாத்திரை போட்டுக்கொண்டதில்லை. இரண்டாவது பிள்ளை என்ற பேச்சை எடுத்தவர்களிடம், "ஒண்ணுக்கே ஒழுங்காப் பல்லு குடுக்கத் தெரியல" என்று சிரித்துக்கொண்டே சொல்வாள். அந்தச் சிரிப்பை நாத்தனார் பலமுறை நேரில் பார்த்திருக்கிறாள். பார்த்துவிட்டு, வைத்த சாப்பாட்டைச் சாப்பிட்டுவிட்டு வந்திருக்கிறாள்.

குட்டிக்குப் பதினொன்று ஆனபோது தெருமுனை டாக்டரிடம் காட்டினார்கள். கீழ்க் கடைவாயில் ஒரு பால் பல் பக்கத்துப் பற்களைவிட அமுங்கி நின்றது. "விழ வேண்டிய வயசாச்சு, இது அசையவே இல்ல. அடியில வர்ற பல்லை மறிக்குது" என்று எடுத்துவிட்டார். வழி விட்டாயிற்று. எதுவும் வரவில்லை. செய்தி போனில் வந்தபோது படக்காரம்மா எந்தப் பல் என்று இரண்டு முறை கேட்டாள். பிறகு, எடுத்தது எடுத்ததுதானே, இனிமேல் சொல்லி என்ன ஆகப்போகிறது என்று தன்னைத் தேற்றிக்கொண்டாள். எட்டு மாதம் கழித்து மறுபக்கமும் எடுத்தார்கள். "எடுத்தது எடுத்ததுதான்" என்ற ஆறுதல் இரண்டாவது தடவை அவ்வளவு நன்றாக வேலை செய்யவில்லை. குட்டி ஆப்பிளைச் சிறு துண்டாக நறுக்கி, மேலண்ணத்தில் வைத்து நாக்கால் அழுத்திச் சாப்பிட ஆரம்பித்தாள்.

குட்டிக்குப் பதின்மூன்று நடக்கும்போது ஒரு வியாழக்கிழமை, மதியச் சாப்பாட்டு வேளையில் அண்ணன் போன் பண்ணினான்.

"சனிக்கிழமை காலைல மேல் கடைவாய்ல ரெண்டையும் எடுத்துடச் சொல்லிட்டேன். ஒரே தடவையா முடிச்சா அலைச்சல் மிச்சம்."

"படம் எடுத்தாங்களாண்ணா?" நான்கு வருடத்தில் முதன்முறையாகக் கேட்டாள்.

"நல்லாக் கேட்ட போ! நீதானே வேண்டாம்னு சொன்ன? அந்த டாக்டர் மொதல் தடவையே கேட்டாரு, படம் எடுத்துட்டு வாங்க, அப்புறம் பல்லு மேல கை வைக்கறேன்னாரு. பெரிய ஆஸ்பத்திரில படம் எடுக்கறதே என் சொந்தத் தங்கச்சி சார், அவளே பார்த்துட்டு வேண்டாம்னுட்டா, நீங்க என்னன்னேன். அதுக்கப்புறம் அந்த ஆளு வாயே திறக்கலையே!"

போனை வைத்த பிறகு டிபன் பாக்ஸை மூடினாள். தான் பேசாமல் இருந்ததுதான் குற்றம் என்று இத்தனை நாள் கணக்கு வைத்திருந்தாள். ஆனால் அவள் பேசாமல் இருக்கவில்லை. அவள் பேச்சைத்தான் அண்ணன் எடுத்துப் போய், தயங்கிய டாக்டரின் கையில் கொடுத்து, இரண்டு பல்லைப் பிடுங்க வைத்திருக்கிறான். பாக்கி இரண்டு, சனிக்கிழமை.

சனிக்கிழமை காலை வீட்டுக்காரர் லிஃப்ட் ஒன்று நின்றுபோய்விட்டது என்று கிளம்பிப் போனதும் பழுப்பு உறையை எடுத்துக்கொண்டு நடந்தாள். ஆட்டோ பிடித்தால் சீக்கிரம் போய்ச் சேர்ந்துவிடுவோம் என்று நடந்தாள். பாதி வழியில், நேரமாகிவிடுமே என்று ஆட்டோ பிடித்தாள்.

தெருமுனை டாக்டரின் இடம் ஒரு கடை அளவுதான். முன்னால் நான்கு நாற்காலி, கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் ஒரு சாய்வு நாற்காலி. குட்டி அதில் கழுத்து வரை நீலத் துணி போர்த்திப் படுத்திருந்தாள். அண்ணி அவள் காலைப் பிடித்துக்கொண்டிருந்தாள். டாக்டர், முப்பது வயதிருக்கும், ஊசியில் மருந்து ஏற்றிக்கொண்டிருந்தார். அண்ணன் தடுப்புக்கு இந்தப் பக்கம் நின்று, "பயப்படாதே, கிளட்ச்சை மெதுவா விடு" என்று மகளுக்குத் தைரியம் சொல்லிக்கொண்டிருந்தான்.

"டாக்டர், எடுக்காதீங்க."

"வாம்மா, நீயும் வந்துட்டியா" என்றான் அண்ணன். "டாக்டர், நான் சொன்னேனே, இவதான்."

டாக்டர் ஊசியை இறக்கினார். அந்த முகத்தில் மரியாதைதான் இருந்தது; அதுதான் தாங்கமுடியாமல் இருந்தது. "ஏன் மேடம்? நீங்க பார்த்துட்டு படம் வேண்டாம்னு சொன்னதாச் சொன்னாங்களே. அதை நம்பித்தான் கீழ ரெண்டும் எடுத்தேன்."

"நான் பார்க்கல. படம் எடுத்தாத் தெரிஞ்சுடும்னுதான் வேண்டாம்னேன்."

"என்ன தெரிஞ்சுடும்?"

அவள் உறையைப் பிரித்தாள். சுவரில் பிலிம் வைத்துப் பார்க்கிற விளக்குப் பெட்டி ஒன்று இருந்தது; இப்போது எல்லாம் கம்ப்யூட்டரில் வந்துவிடுவதால் அதன் மேல் சீட்டுகளாக ஒட்டி வைத்திருந்தார்கள். டாக்டர் சீட்டுகளைக் கிழித்துவிட்டு ஸ்விட்ச் போட்டார். இரண்டு மூன்று முறை விட்டு விட்டு எரிந்து, பிறகு நின்று எரிந்தது. இருபத்து நான்கு வருடத்துப் பிலிம், ஓரத்தில் மஞ்சள் பாய்ந்து. டாக்டர் எண்ணினார். அவர் உதடு அசைவதை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கீழ முன்னாடி ரெண்டும் இல்ல. கடைவாய்ல நாலும் இல்ல, பால் பல்லுதான் நிக்குது. இது யாரோடது?"

"என்னோடது."

அண்ணன் சிரித்தான். "கீழ ரெண்டும் விழுந்ததுல உடைஞ்சது டாக்டர். பாத்ரூம்ல வழுக்கிட்டா. அந்தத் தரையை நான்தான்..."

"நான் விழவே இல்லண்ணா."

டாக்டர் ஓடிக்கொண்டிருந்த எச்சில் உறிஞ்சுகிற குழாயை நிறுத்தினார்.

"இது பரம்பரையா வர்றது" என்றார் டாக்டர், பிலிமைப் பார்த்துக்கொண்டே. "அப்போ இந்தப் பொண்ணுக்கும்..." வாக்கியத்தை முடிக்கவில்லை. தன் கையைப் பார்த்தார். "நான் படம் கேட்டேன் சார். நான் கேட்டேன்."

"மாத்திரையால வராதா?" என்று கேட்டாள் அண்ணி. மிக மெல்லிய குரல்.

"எந்த மாத்திரை?"

"மூணாம் மாசம் காய்ச்சலுக்கு..." அண்ணி மருந்தின் பெயரையும் அளவையும் எத்தனை வேளை என்பதையும் பள்ளிக்கூடத்தில் ஒப்பிப்பதுபோலச் சொன்னாள்.

"அதுக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லம்மா. இவங்க பிலிமைப் பார்த்த பிறகு வேற காரணமே தேட வேண்டாம். சார், நீங்க கொஞ்சம் வாயைத் திறங்க."

"நானா? எனக்கென்ன? அம்பது வயசு, ஒரு சொத்தை கிடையாது."

"திறங்க சார்."

ஊருக்கெல்லாம் கட்டளை போடுகிறவன் நின்றவாறே வாயைத் திறந்தான். டாக்டர் சின்னக் கண்ணாடியை இடது ஓரத்தில் வைத்துப் பார்த்தார். "இது பால் பல்லு. அடியில என்ன இருக்குன்னு படம் எடுத்தாத்தான் தெரியும். ஆனா பால் பல்லு."

அண்ணி சிரித்தாள். நான்கு வருடமாகச் சிரிக்கிற சிரிப்பு அல்ல. வாயைப் பொத்திக்கொண்டும் அடக்க முடியாமல், தோள் குலுங்க, பார்க்கிறவர்களுக்குப் பயமாக இருக்கும் ஒரு சிரிப்பு. "லக்கிப் பல்லு" என்றாள். "லக்கிப் பல்லு!" பிறகு சட்டென்று நிறுத்திவிட்டு நாத்தனாரின் பக்கம் திரும்பினாள்.

"உங்களுக்கு எப்போ தெரியும்?"

இத்தனை வருடம் 'நீ' என்று கூப்பிட்டவள். அந்த மரியாதை சுருக்கென்று இறங்கியது.

"குட்டிக்கு ஒன்பது வயசுல சந்தேகம் வந்தது, அண்ணி."

"சந்தேகமா?"

"தெரியும்."

"எத்தனை தடவை எங்க வீட்டுக்கு வந்திருப்பீங்க? அவர் மாத்திரைப் பேச்சை எடுக்கறப்பல்லாம் பக்கத்துலதானே உட்கார்ந்திருந்தீங்க? எனக்காகச் சொல்லியிருக்க வேண்டாம். பல்லை எடுக்கப் போறாங்கன்னு தெரிஞ்சபோதாவது..." அவள் முடிக்கவில்லை. மகள் மேலிருந்த நீலத் துணியை எடுத்து ஒழுங்காக மடித்து நாற்காலியின் கையில் வைத்தாள். "எழுந்திருடி."

அண்ணனின் நாக்கு இடது ஓரத்தில் அந்தப் பல்லைத் தடவிக்கொண்டிருந்தது.

அன்று மாலை வீட்டுக்காரரிடமும் சொன்னாள். ஒரு பொய்யை அவிழ்த்த பிறகு மற்றதை முடிச்சோடு வைத்துக்கொள்வதில் அர்த்தமில்லை. அவர் வேலைப் பையிலிருந்து ஸ்பேனர்களை ஒவ்வொன்றாக எடுத்துத் துடைத்து அடுக்கினார். எல்லாவற்றையும் அடுக்கி முடித்தபின், "அப்போ விழவே இல்லையா?" என்றார்.

"இல்ல."

"ஒரு தடவைகூட?"

"இல்ல."

எழுந்து போய்ப் பாத்ரூம் வாசலில் கொஞ்ச நேரம் நின்றார். மிதியடியை எடுக்கப் போகிறார் என்று நினைத்தாள். எடுக்கவில்லை. ஆனால் அவள் குளிக்கப் போனபோது "பார்த்து" என்று சொல்லவில்லை. அதற்கப்புறம் ஒரு நாளும் சொல்லவில்லை.

திங்கட்கிழமை அண்ணி குட்டியை ஆஸ்பத்திரிக்குக் கூட்டி வந்தாள். வரவேற்பில், "படம் எடுக்க வேற யாராவது இருக்காங்களா?" என்று கேட்டிருக்கிறாள். வேறு யாரும் இல்லை. எனவே சீட்டைக் கையில் கொடுத்துவிட்டு, உள்ளே வராமல், மஞ்சள் எச்சரிக்கைப் பலகைக்கு எதிரில் உட்கார்ந்துகொண்டாள்.

குட்டி தானே தோட்டைக் கழற்றினாள். படக்காரம்மா ஈயக் கோட்டைப் போட்டுவிட்டாள். குச்சியை நீட்டி, "முன்பல்லால கடி" என்று வழக்கம்போலச் சொல்லிவிட்டாள். குட்டி கடித்தாள். கீழே பிடிக்கப் பல் இல்லாததால் குச்சி நழுவியது. மறுபடி கடித்தாள். மறுபடி நழுவியது. கிழவர்களுக்கு வைக்கிற பஞ்சு உருளை ஒன்று மேஜை டிராயரில் எப்போதும் இருக்கும். படக்காரம்மா அதை எடுத்து, கீழ் ஈறுக்கும் குச்சிக்கும் நடுவில் வைத்தாள். விரல் அந்த வெற்று ஈறில் பட்டது. வழவழவென்று, கெட்டியாக இருந்தது.

"அசையாதே கண்ணு."

மெஷின் சுற்றியது. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று பொத்தானை விடாமல் அழுத்திக்கொண்டிருந்தாள். பதினாறு செகண்ட்.

படம் வந்தது. ஈயக் கோட்டோடு குட்டி எழுந்து வந்து திரையின் முன்னால் நின்றாள்.

"அத்தை, எத்தனை இல்ல?"

டாக்டர் சொல்லுவாங்க என்ற வார்த்தை வாய் வரைக்கும் வந்துவிட்டது. இருபத்திரண்டு வருடப் பழக்கம்; கூப்பிடாமலே வரும்.

"ஆறு" என்றாள். "எனக்கு எங்கெங்க இல்லையோ, அங்கங்கயே."

"அப்பாவுக்கு?"

"அப்பா வரலையே."

குட்டி திரைக்குப் பக்கத்தில் போய், விரலைத் தொடாமல் நீட்டி, மேல் வரிசையில் இரண்டு இடத்தைக் காட்டினாள். "சனிக்கிழமை எடுக்க இருந்தது இதுதானே?"

"ஆமா. அடியில ஆள் இல்ல பாரு. ஆனா வேர் கெட்டியா இருக்கு. யாரும் தொடாம விட்டா நிக்கும்."

"எவ்வளவு நாள்?"

படக்காரம்மா வாயைத் திறந்து, கன்னத்தை விரலால் ஒதுக்கிக் காட்டினாள். மேலே, இரண்டு பக்கமும், தேய்ந்துபோன பால் பல் ஒவ்வொன்று. "நாற்பத்து நாலு வயசு."

குட்டி எக்கி நின்று, மெஷினைப் பார்ப்பதுபோல, அத்தையின் வாய்க்குள் இரண்டு பக்கமும் நிதானமாகப் பார்த்தாள். பிறகு திரைக்குத் திரும்பி, கீழ் வரிசையில் பக்கத்துப் பற்கள் சாய ஆரம்பித்திருக்கும் இரண்டு இருட்டான இடங்களைக் காட்டினாள்.

"இதுவும் நின்னிருக்குமா?"

வெளியே நாற்காலி நகர்கிற சத்தம் கேட்டது. கதவு முழுவதும் சாத்தப்படவில்லை. அண்ணிக்கு எல்லாம் கேட்கும்.

"நின்னிருக்கும்" என்றாள்.

குட்டி தலையாட்டினாள். ஈயக் கோட்டை, அது கனமாக இருந்ததால், அத்தையின் உதவியில்லாமல் கழற்றக் கொஞ்சம் சிரமப்பட்டாள். அத்தை கை நீட்டினாள். வேண்டாம் என்று நகர்ந்துகொண்டாள். கழற்றி நாற்காலியில் வைத்தாள். தோட்டை எடுத்துக்கொண்டாள். குச்சியில் ஒட்டியிருந்த பஞ்சை ஞாபகமாக எடுத்து, குப்பைக் கூடையில் போட்டாள்.

"படத்தை அம்மாகிட்ட குடுக்கட்டுமா?"

"டாக்டர்கிட்ட போயிடும் கண்ணு. டாக்டர் சொல்லுவாங்க."

"அதான் நீங்களே சொல்லிட்டீங்களே" என்றாள் குட்டி. சொல்லிவிட்டு உதட்டை மூடிக்கொண்டாள். அதனால் அது சிரிப்பா இல்லையா என்று தெரியவில்லை. கதவைத் திறந்து வெளியே போனாள்.

படக்காரம்மா குச்சிக்குப் புது உறை மாட்டினாள். அடுத்த சீட்டைப் பார்த்தாள். ஏழு வயது.